கக்கூஸுக்கு ஆயுத பூஜை

மைசூரில் எந்த ஜெயில் என்று கேட்காதீர்கள். தசராவுக்கு அரண்மனை விளக்கைப் பார்க்க வருகிற கூட்டம் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத பக்கத்தில் இருக்கிறது, அது போதும். அங்கே மூன்றாம் கூடத்து வாசலில் ‘முப்பது பேருக்கு’ என்று கன்னடத்தில் எழுதிய பலகை உண்டு. உள்ளே தொண்ணூறு பேர் இருந்தார்கள். பலகையை மதித்து யாராவது அறுபது பேரை வெளியே அனுப்பிவிடப் போகிறார்களா என்ன? வருஷத்துக்கு ஒருமுறை பலகைக்குப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள்.

தண்டனை பெற்றவனையும் விசாரணை முடியாதவனையும் ஒன்றாக அடைக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அந்த விதிக்கும் அந்தக் கூடத்தில் படுக்க இடமில்லை. அதனால்தான் தண்டனைக் கைதி சிவகுமாரும் விசாரணைக் கைதி கரியப்பனும் சுவரோரமாக ஒரே ஜமக்காளத்தில் படுத்தார்கள்.

சிவகுமார் மைசூரிலேயே ஹெப்பாள் பக்கத்துக்காரன். அங்கே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற இடத்தில், கழுத்தில் நாடாவும் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டு நின்று, உள்ளே ஆள் இருக்கிறது, வேலை வாங்கித் தருகிறேன் என்று படித்த பையன்களை ஏய்த்தவன். அவன் கொடுத்த பொய் ஆர்டர்களை எடுத்துக்கொண்டு ஒரே காலையில் ஏழு பேர் கம்பெனி வாசலில் போய் நின்றபோது குட்டு உடைந்தது. பொய் சொல்லித்தான் ஜெயிலுக்கு வந்தான், அதை அவன் மறைத்ததும் இல்லை. “நம்பினவன் முட்டாள், நம்பவெச்சவன் கெட்டிக்காரன், நடுவுல ஜட்ஜுக்கு என்ன வேலை?” என்று கேட்பான். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

கரியப்பன் தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிக் குடியானவர், எழுபதை நெருங்கியவர். வரப்புத் தகராறில் அண்ணன் மகன்கள் அவர் இடுப்பை உடைத்தார்கள். உடைத்த கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவர்களே முதலில் போய்விட்டார்கள். முதலில் வந்து அழுகிறவன்தான் அடிபட்டவன் என்று அந்த ஸ்டேஷனில் ஒரு கணக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கிழவரை எழுப்பிக் கொண்டுவந்து கொலை முயற்சி என்று அடைத்தார்கள். இடுப்பு கோணலாகவே கூடிக்கொண்டது. நிற்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பார். பெஞ்சில் உட்காருவார். குத்தவைக்க மட்டும் அவரால் முடியாது.

மூன்றாம் கூடத்தின் கோடியில் இருந்த இரண்டு கக்கூஸும் குத்தவைக்கிறவை. கதவு கிடையாது, முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர்தான். விடிந்ததும் தொண்ணூறு பேரும் டப்பாவோடு வரிசையில் நிற்க, சிவகுமார் கிழவரின் கக்கத்தில் கைகொடுத்துப் பாதி தொங்கவிட்டபடி பிடித்துக்கொள்வான். கிழவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். தான் பார்க்காவிட்டால் மற்றவர்களும் பார்க்கவில்லை என்று ஒரு சமாதானம். “நாத்தம் என் ஜமக்காளத்துக்கு வரக்கூடாதுல்ல, அதுக்குத்தான் இந்த சேவை” என்று சிவகுமார் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வான். முதல் நாளைக்கு அது உண்மைதான். அப்புறம் கிழவரை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அதை மட்டும் அவன் வாய் சொல்லவில்லை.

சில வாரத்தில் கிழவர் தட்டில் மீதி வைக்க ஆரம்பித்தார். மத்தியானம் ராகிக் களி உருண்டையும் சாறும் போடுவார்கள். பாதி உருண்டையைக் கிள்ளி விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளுவார். அப்புறம் அந்தப் பாதியிலும் பாதி ஆயிற்று.

“ஏன் பெரியப்பா, களி நல்லா இல்லியா?” என்று சிவகுமார் கேட்டான்.

“நல்லாத்தேன் இருக்குது கண்ணு. உள்ள போனா வெளிய வரோணுமல்லொ. தெனமும் உனக்கெதுக்குச் செரமம்?”

சிவகுமாருக்கு எதற்கும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்குக் கேலிக்குப் பதில் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கக்கூஸுக்குப் பயந்து ஒரு மனுஷன் சோற்றை விடுகிறான் என்றால் இது என்ன ஜெயில், இதற்கு என்ன ஒரு சூப்பிரண்டு என்று நேரே ஆபீசுக்குப் போனான்.

சூப்பிரண்டு பசவராஜ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும். அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, அந்த இரண்டு வருஷமும் காற்று அடிக்காமல், இலை அசையாமல் போக வேண்டும் என்பது ஒன்றே அவர் பிரார்த்தனை. நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் ஒன்று, ஒரே ஒன்று, கிழவருக்காக வேண்டும் என்று சிவகுமார் கேட்டான்.

“ஏனப்பா, இதென்ன லாட்ஜா?” என்றார் பசவராஜ். “இன்னைக்கு வெஸ்டர்ன் கேப்பே, நாளைக்கு கீசர் கேப்பே.”

அவர் பேசியது கன்னடம், நமக்காகத்தான் தமிழ்.

சிவகுமார் பெங்களூரில் இருக்கிற பெரிய கோர்ட்டுக்கு எழுதினான். கைதி எழுதுகிற கடிதத்தையும் வழக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் எழுதிய பொய் ஆர்டர்களுக்கெல்லாம் படாத பாட்டை இந்த ஒரு உண்மையை எழுத அவன் பட்டான். நாலு தடவை கிழித்துப்போட்டான். கடைசியில், ஒரு வயதானவர் கக்கூஸ் போக முடியாததால் சாப்பிடுவதில்லை, இது தண்டனையில் எந்தப் பிரிவு என்று தெரிவிக்கவும் என்று கேட்டு அனுப்பினான். கோர்ட் அதை வழக்காக எடுத்து, பதில் சொல்லச் சொல்லி ஜெயிலுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

நோட்டீஸ் வந்த அன்று இலை மட்டும் அல்ல, மரமே அசைந்தது. சிவகுமாரைக் கூப்பிட்டு யாரும் அடிக்கவில்லை. கோர்ட்டில் பேர் இருக்கிறவனை யார் அடிப்பார்கள்? அதற்குப் பதிலாக எல்லோரும் அவனுக்கு மரியாதை கொடுத்தார்கள். அடியாவது பழகினது, இந்த மரியாதைதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் வந்து, கூடத்துக் கோடியில் பழைய துடைப்பம் போட்டு வைக்கிற அறையைக் காலிபண்ணி, பளபளவென்று ஒரு வெள்ளைக் கக்கூஸை நட்டுவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கதவும் போட்டார்கள். மூன்றாம் கூடம் கண்ட முதல் கதவு அது. மூடியின் மேல் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. தொண்ணூறு பேரும் முறை வைத்து எட்டிப் பார்த்தார்கள். கிழவர் சுவரைப் பிடித்தபடி வந்து நின்று, அதன் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

“இத்தனை வெள்ளையா இருக்குதே, இதுல போயா?” என்று கேட்டார்.

நாளைக்கு ஆயுத பூஜை, பூஜை முடிந்து போட்டோ எடுத்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? ஜெயிலிலும் துப்பாக்கிக்குப் பொட்டு வைப்பார்கள், ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், பேக்கரி மெஷினுக்கு மாலை போடுவார்கள். பூட்டுக்கும் சாவிக்கும் சந்தனம் தடவி, அதையே அன்று இரவு கைதிகளுக்கு மாட்டுவார்கள். வார்டர் கிரணுக்கு மந்திரம் கொஞ்சம் தெரியும், பக்தி நிறையத் தெரியும். இந்த வருஷம் அவன் கக்கூஸையும் விடவில்லை. தொட்டிக்கு மூன்று பட்டை விபூதி, மூடிக்குச் சாமந்தி மாலை, முன்னால் பூசணிக்காய். கோர்ட்டுக்கு அனுப்பப் போட்டோ நன்றாக விழ வேண்டும் என்று பசவராஜும் கைகூப்பி நின்றார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, வந்த வேகத்தில் கிரண் கலசத் தண்ணீர் மொத்தத்தையும் கக்கூஸுக்குள் ஊற்றினான்.

ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. அடியில் சிமெண்ட் பூசிய இடத்தைச் சுற்றிக் கசிந்து, குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு, சூப்பிரண்டின் பூட்ஸ் வரைக்கும் சிவப்பாக வந்து நின்றது.

தோண்டவில்லை, குழாய் போடவில்லை, எதனுடனும் சேர்க்கவில்லை. தரையில் சும்மா உட்காரவைத்துச் சுற்றிப் பூசியிருந்தார்கள். கொலுவில் பொம்மை வைக்கிற மாதிரி ஒரு கக்கூஸ். தொண்ணூறு பேரும் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான், அப்புறம் கூடமே சிரித்தது. சிவகுமார்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான், சிரித்துக்கொண்டே திரும்பினவன் கிழவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பசவராஜ் சந்தனம் காயாத ஒரு பூட்டை எடுத்து அந்தக் கதவில் மாட்டச் சொன்னார்.

போட்டோ மட்டும் பெங்களூருக்குப் போயிற்று. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்த போட்டோ. மனுதாரர் கேட்ட வசதி செய்து கொடுத்தாயிற்று, வழக்கை முடிக்கலாம் என்று அதோடு ஒரு பதில். கோர்ட்டுக்குத் தசரா விடுமுறை. ராஜா காலத்துத் திருவிழாவுக்கு நீதி லீவு எடுத்துக்கொண்டது, கிழவரின் வயிற்றுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பழையபடி முழங்கால் சுவரும் சிவகுமாரின் கையும்தான். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிய ஆரம்பித்தது.

விடுமுறை முடிந்து வழக்கு வந்தபோது நீதிபதிக்குப் போட்டோவில் திருப்தி இல்லை. சாமந்தி மாலை போட்ட கக்கூஸை அவர் அதுவரை பார்த்ததில்லையோ என்னவோ. நேரில் போய்ப் பார்த்து எழுதித் தரச் சொல்லி ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். வழக்குப் போட்டவனே கமிஷனரிடம் சரி என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். பசவராஜுக்கு அது தெரியும். சிவகுமாரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்.

“ஜனவரி இருபத்தாறுக்கு நன்னடத்தை விடுதலை லிஸ்ட் போகுது. நான்தான் எழுதறேன்.”

“சரி சார்.”

“கமிஷனர் வர்றாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. குழாய்க்கு கிராண்ட் வந்ததும் போட்டுடறேன், சத்தியமா.”

“பொய் சொல்லச் சொல்றீங்க.”

“உனக்குப் புதுசா?” என்றார் பசவராஜ். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து அவன் மனைவி சுலோசனா பார்க்க வந்தாள். ஹெப்பாளில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், லீவு போட்டால்தான் வர முடியும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“ஜனவரியில விடறாங்களாமே, ஆபீஸ்ல சொன்னாங்க. நெஜமா?”

“ஒரு பொய் பாக்கி இருக்கு. சொன்னா விடுவாங்க.”

“ஊரு பூராவுக்கும் சொன்னீங்க. எனக்கும் உங்க பொண்ணுக்கும் ஒண்ணு சொல்ல முடியாதா? தமிழ்ப்ரியா ஸ்கூல்ல அப்பா துபாய்ல இருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கா. துபாய்ல லீவே கெடயாதான்னு கேக்கறாங்களாம். அவளுக்கு உங்க வாய்தான் வந்திருக்கு, அதையாவது வந்து பாருங்க.”

“ஒரு பெரியவர் இருக்காரு சுலோ...”

“இருக்கட்டுமே. அவருக்கும் யாராச்சும் இருப்பாங்க இல்ல? நீங்க கோர்ட்டு கேஸுன்னு பெரிய மனுஷன் ஆட்டம் ஆடினது போதும்.”

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் கிழவரிடம் சொல்லிவிட்டான்.

“பெரியப்பா, கமிஷனர் கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லப் போறேன்.”

கிழவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். “சொல்லு கண்ணு. உம்புள்ளைய நீ பாக்கோணும். எனக்கு என்ன, இன்னும் எத்தனை காலத்துக்குத் திங்கப்போறேன்.” அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் சிவகுமார் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பான்.

கமிஷனர் வருகிற நாளுக்கு ஜெயில் கல்யாண வீடாக மாறியது. தொண்ணூறு பேரில் நாற்பது பேரை வேறு கூடங்களுக்கு அனுப்பினார்கள், அங்கே அவர்கள் யார் மேல் படுத்தார்களோ. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். இரண்டு பழைய கக்கூஸையும் ஃபினாயில் ஊற்றிக் கழுவி, பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி போட்டு, குறுக்கே ஒரு கயிறும் கட்டினார்கள். கமிஷனர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை எவனும் அதில் கால் வைக்கக் கூடாது என்று கிரண் லத்தியோடு நின்றான். புதுக் கக்கூஸின் ஸ்டிக்கரைத் துடைத்து, மாலைக்காம்பு ஒன்று ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு, மறுபடி பூட்டினார்கள்.

சமையலும் விசேஷம். பத்தரைக்கே போட்டுவிட்டார்கள், கமிஷனர் வரும்போது எல்லோரும் வயிறு நிறைந்த முகத்தோடு இருக்க வேண்டுமாம். சூடான களி உருண்டை, கீரைத் தண்ணீரில் மசாலா அரைத்துவிட்ட பஸ்ஸாரு, மேலே நெய், கடைசியில் பாயசம். அந்த வாசனை பிடித்ததும் கரியப்பன் மூக்கை உறிஞ்சினார். கேட்பார் இல்லாமல் காய்ந்து கிடந்த வயிறு அது. ஒரு உருண்டையைத் தின்றார். சிவகுமார் தன் உருண்டையை அவர் தட்டில் வைத்தான், அதையும் தின்றார். பரிமாறினவன் கமிஷனர் கணக்கில் தாராளமாக இருந்தான், மூன்றாவதையும் போட்டான். பாயசத்தைத் தட்டோடு தூக்கிக் குடித்தார். மாதக்கணக்கில் முதல்முறையாகக் கிழவர் ஏப்பம் விட்டார். சிவகுமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதைப் பார்ப்பதற்காகவாவது கமிஷனர் தினமும் வரலாம் என்று தோன்றியது.

பதினொன்றுக்கு வர வேண்டிய கமிஷனர் வரவில்லை. பெங்களூர் ரோட்டில் டிராபிக் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் கிழவர் முகம் மாறியது.

“கண்ணு, போகோணும்.”

சிவகுமார் கிரணிடம் போனான். “ஒந்து நிமிஷம் குரு, பெரியவருக்கு அவசரம்.”

“கழுவி வெச்சிருக்கு தெரியல்லியா? மேடம் வந்துட்டுப் போகட்டும்.”

“அவருக்கு வயசு எத்தனை தெரியுமா?”

“சஸ்பெண்ட் ஆனா எனக்கு யாரு சம்பளம் கொடுப்பாங்க தெரியுமா?” என்றான் கிரண்.

கக்கூஸ் இரண்டு பழையது, ஒன்று புதியது. மூன்றும் சுத்தமாக இருந்தன, ஐம்பது பேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வியர்த்து ஊற்றியது.

ஒன்றரை மணிக்குக் கமிஷனர் தாரணி வந்தாள். சின்ன வயது, தோளில் நிற்காத கறுப்புக் கோட்டு. குண்டலுபேட்டைக்காரி, வீட்டில் தமிழ், மற்ற இடத்தில் எல்லாம் கன்னடம். இந்தப் பெண்ணையா அனுப்பினார்கள், இவள் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு என்னைப் போல் ஒருத்தன் எதற்கு, பசவராஜே போதுமே என்று சிவகுமார் மனசுக்குள் ஏளனம் செய்தான். ஏளனம் செய்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

பசவராஜ் பூட்டைத் திறந்து காட்டினார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள், மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய் எங்கே என்றாள். பக்கெட் சிஸ்டம் மேடம், தண்ணீர் சிக்கனம் என்றார் பசவராஜ். தலையாட்டிக்கொண்டு சிவகுமாரிடம் திரும்பி, தமிழிலேயே கேட்டாள்.

“நீங்கதானே கேஸ் போட்டது? இதுல இப்ப உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

தமிழ்ப்ரியாவின் முகம் வந்தது. சுலோசனாவின் குரல் வந்தது. “இல்ல மேடம். நல்லா இருக்கு. சரியா வேலை செய்யுது.”

ஹெப்பாளில் ஏழு பேரை நம்பவைத்த அதே குரல், ஒரு பிசிறு இல்லை. அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். பசவராஜ் மூச்சை விட்டார்.

அப்போதுதான் சுவரோரத்திலிருந்து கரியப்பன் கூப்பிட்டார்.

“சிவா, இனி முடியாது கண்ணு. அதுதான் நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டயே. அதுலயே கூட்டிட்டுப் போ.”

அவர் சவால் விடவில்லை. யாரையும் மாட்டிவிடவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே முடியவில்லை, கயிறு கட்டாத இடம் அது ஒன்றுதான் இருந்தது. பசவராஜ் முன்னால் பாய்ந்து, இப்போது வேண்டாம் அஜ்ஜா, மேடம் இருக்கிறார்கள் என்றார்.

“நான் இருந்தா என்ன? இவருக்காகத்தானே இது,” என்றாள் தாரணி. “நான் வெளிய நிக்கறேன். கூட்டிட்டுப் போங்க.” கதவை விட்டு நாலடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். எல்லோரும் நின்றார்கள்.

சிவகுமார் கிழவரைத் தூக்கினான். கனமே இல்லை. உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி, வேட்டியை விலக்கி, அந்த வெள்ளை வட்டத்தின் மேல் உட்காரவைத்தான். கிழவர் முதல்முறையாகக் கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, திண்டில் சாய்ந்த பண்ணையார் கணக்காக உட்கார்ந்தார். “அப்பாடா,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எந்தக் கோர்ட்டாவது விலை மதிக்க முடியுமா?

மூன்று உருண்டைக் களியும் பாயசமும் சும்மா விடுமா? அடியில் கசிந்தது, பிறகு ஓடியது. சிவகுமார் பக்கெட் தண்ணீரை எடுத்துக் கழுவக் கழுவ அத்தனையும் கதவுக்கு அடியில் நுழைந்து, வெள்ளையடித்த கூடத்துக்குள், சூப்பிரண்டையும் கமிஷனரையும் பார்த்துக்கொண்டு போயிற்று. வெளியே ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்தபோது தாரணி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள், ஆனால் பின்னால் நகரவில்லை. செருப்பு நனைந்திருந்தது. சின்ன லீக்கேஜ், நாளைக்கே சரிபண்ணிவிடலாம் என்று பசவராஜ் ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, குனிந்து பூச்சைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், குழாய் எங்குமே இல்லை என்று கண்டுகொண்டு வந்தாள். பிறகு சிவகுமாரிடம் கேட்டாள்.

“சரியா வேலை செய்யுதுன்னு சொன்னீங்க. எழுதிட்டேன். இப்ப எதை எழுத?”

கிழவர் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு அவன் காதில் பட்டது.

“ரெண்டையும் எழுதுங்க மேடம். நான் பொய் சொன்னேன்னும் எழுதுங்க.”

“யாரு சொல்லச் சொன்னாங்க?”

பசவராஜ் அவனைப் பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை, கெஞ்சும் பார்வை. சிவகுமாரின் கெட்டிக்காரத்தனம் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டது. குட்டுதான் உடைந்துவிட்டதே, குழாய் எப்படியும் வந்துவிடும். இந்த மனுஷனைக் காப்பாற்றிவிட்டால் நன்றிக்காவது ஜனவரி லிஸ்டில் பெயர் போடமாட்டாரா? ஒரு கல், இரண்டு மாங்காய்.

“யாரும் இல்ல மேடம். நானாத்தான் சொன்னேன்.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரமே வெளியே தோண்டிக் குழாய் போட்டார்கள். கிராண்ட் வரவில்லை, கிராண்ட் வேண்டியும் இருக்கவில்லை. பேக்கரிக்கு வாங்கிப் போட்டது போக மிச்சமிருந்த குழாய் கோடவுனில் கிடந்ததாம். கோடைக்காலம் முதல் பெரிய கோர்ட்டின் நேரத்தைத் தின்ற வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. கக்கூஸ் வேலை செய்தது. பூட்டு எடுக்கப்பட்டது. கரியப்பன் களி உருண்டையை முழுசாகத் தின்னத் தொடங்கினார், கன்னத்தில் கொஞ்சம் சதையும் ஏறியது. சுலோசனா தமிழ்ப்ரியாவிடம், அப்பா துபாயிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார் என்று சொல்லி வைத்தாள்.

ஜனவரியில் லிஸ்ட் வந்தது. சிவகுமார் பெயர் அதில் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டான். பசவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொறுமையாகவே படித்துக் காட்டினார்.

“நீதிமன்றம் நியமித்த கமிஷனரிடம், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தானாகப் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்ட கைதி. நன்னடத்தை இல்லை.” கண்ணாடியைக் கழற்றினார். “நான் என்னப்பா பண்றது? மேலே இருக்கறவங்க கமிஷனர் ரிப்போர்ட்டைப் படிக்கறாங்க. இதுல ஏதாவது தப்பா இருந்தா சொல்லு, திருத்தறேன்.”

ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. பசவராஜின் கண்ணில் ஒரு துளி குறும்பும் இல்லை, அந்த மனுஷன் இலை அசையாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஹெப்பாளில் நாடா மாட்டிக்கொண்டு நின்ற தன்னைவிடப் பெரிய கைகாரன் கழுத்தில் ஒன்றும் மாட்டாமலே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதைச் சிவகுமார் அன்றைக்குத்தான் பார்த்தான்.

கூடத்துக்குத் திரும்பியபோது கிழவர் சாப்பிட்டு முடித்து, தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்கோ கண்ணு?”

“நான் பொய் சொன்னேனாம். அதனால விட மாட்டாங்களாம்.”

“சொன்னயா?”

“ரெண்டு சொன்னேன் பெரியப்பா,” என்று அவர் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். “ஒண்ணைத்தான் ஒத்துக்கிட்டேன்.”